பாகப்பிரிவினை: வழக்கா, சமரசமா?

தொடக்கக் கேள்வி: தக்கலை வாசகர், 3 ஆகஸ்ட் 2024

அப்பா எதுவும் எழுதிவைக்காமல் விட்டுச்சென்ற 40 சென்ட் விளை (தோட்ட நிலம்) ஒன்று எங்களுக்கு இருக்கிறது. அண்ணன் அனுபவித்து வருகிறார். பங்கு கேட்டால் பதில் இல்லை. வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீல். நான் விசாரித்த அளவில், வழக்குப் போட்ட எவரும் நிம்மதியாக இல்லை. நீதிமன்றம் என்பது காலத்தையும் காசையும் கரைக்கும் இடம். குடும்பச் சொத்துத் தகராறுகள் அனைத்தையும் சமரச மையத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ முடித்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

4 ஆகஸ்ட் 2024

பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

நான் விளவங்கோடு வட்டத்துக்காரி, ஓய்வு பெற்ற ஆசிரியை. 2008-இல் என் கூடப்பிறந்த அண்ணன், தம்பி இருவர் மீதும் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தேன். 2013-இல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதனிலைத் தீர்ப்பாணை கிடைத்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2016-இல் அது தள்ளுபடியானது. எந்த இடம் யாருக்கு என்று பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்கு நான் போட்ட மனு நிலுவையில் இருந்தபோது, 2018-இல் வழக்கு சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டு, நான்கு அமர்வுகளில் முடிந்தது.

பத்தாண்டு வழக்கை நான்கு அமர்வுகள் முடித்துவைத்தன என்று எங்கள் உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. அந்த அமர்வுகளில் ‘இவளுக்குப் பங்கு உண்டா’ என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. எழுப்ப முடியாதபடி ஒரு தீர்ப்பாணை என் பைக்குள் இருந்தது. பங்கு எந்த இடத்தில், எந்த வடிவத்தில் என்பது மட்டுமே பேச்சாக இருந்தது. 2008-இல் அதே மேசையில் அதே அண்ணனோடு உட்கார்ந்திருந்தால், ‘உனக்கு நகை போட்டுத்தானே அனுப்பினோம்’ என்ற ஒரு வாக்கியத்தைத் தாண்டி எங்கள் பேச்சு நகர்ந்திருக்காது.

ஆனால் நீதிமன்றத்தால் தர முடியாததைச் சமரசம் தந்தது என்பதும் உண்மை. எங்கள் நிலம் 84 சென்ட். மேல்தட்டுகளில் ரப்பர், கீழே தென்னை, நடுவில் ஒரு கிணறு, கிணற்றங்கரையில் அப்பாவின் அப்பா நட்ட அயனி மரம், தென்கோடியில் சாலையைப் பார்த்து ஓட்டு வீடு. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் அளவையரோடு வந்து அளந்து, சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் பிரித்து வரைபடம் தாக்கல் செய்தார். அதன்படி எனக்குச் சாலையோரத்தில் ஒரு நாடா போன்ற துண்டு கிடைத்தது; அதில் கிணறு இல்லை, வீட்டின் ஒரு மூலை மட்டும் உள்ளே வந்தது. அண்ணன் குடியிருக்கும் வீட்டின் அந்த மூலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சமரசத்தில் வீட்டையும் சாலைமுகப்பையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன். பதிலாகக் கிணறும் அதற்கு மேலே ஐந்து ரப்பர் தட்டுகளும் எனக்கு வந்தன. தம்பி பக்கத்தில் தனியாக விலைக்கு வாங்கியிருந்த மனை வழியாக எனக்கு வழி விட ஒப்புக்கொண்டான். அந்த மனை வழக்குச் சொத்தே அல்ல. வழக்கில் இல்லாத சொத்தைத் தொட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. தம்பி மனம் வைத்தால் மட்டுமே அது நடக்கும், நடந்தது.

5 ஆகஸ்ட் 2024

திருத்தம். பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நான்கு அல்ல, ஐந்து அமர்வுகள். மூன்றாவது அமர்வுக்கு மைனி (அண்ணன் மனைவி) வந்து, அழுதுவிட்டுப் போனார். அன்று ஒன்றும் பேசப்படாததால் என் நினைவிலிருந்து விழுந்துவிட்டது போலும். ஆனால் அடுத்த அமர்வில்தான் வீடு பற்றிய பேச்சு இளகியது. ஆகவே அந்த நாளையும் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

9 ஆகஸ்ட் 2024

‘பெண்ணுக்குப் பங்கு உண்டு என்பது ஊரறிந்த சட்டம், அதற்காக எட்டு வருடம் வழக்கு நடத்த வேண்டுமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரறிந்ததா என்பதற்கு என் அக்காவின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மண். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இங்கே, கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1092-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் நடப்பில் இருந்தது. அதன்படி, எழுதிவைக்காமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்குரியது மகனின் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் (திருமணச் சீர்) கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. 1986 பிப்ரவரி 24 அன்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 அன்றே செயலற்றுப் போய்விட்டது, அன்றிலிருந்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதாவது விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி, ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாக.

அப்பா இறந்தது 1994-இல். தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகள் கழித்து. எங்களுக்கு அது தெரியாது. 1997-இல் அண்ணன் வீடு புதுப்பிக்கக் கடன் வாங்க வேண்டியிருந்ததால், கோயில் (தேவாலயக்) கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்து பேசி, அக்காவிடம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். இருபதாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். யாரும் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. எல்லாரும் காப்பி குடித்தார்கள். ‘சமாதானமாக முடிந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ என்று ஒரு பெரியவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது 84-இல் ஆறில் ஒரு பங்கு, 14 சென்ட். தனக்குச் சட்டப்படி ஏதும் இல்லை, அண்ணன் அன்பால் இருபதாயிரம் தருகிறான் என்று நம்பியே அவள் போட்டாள். நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். இல்லையென்றால் நானும் போட்டிருப்பேன்.

வழக்குப் போட்ட பிறகுதான் கணக்கு தெளிந்தது. அம்மா 2006-இல், அவரும் எழுதிவைக்காமல் இறந்தார். அம்மாவின் மூன்றில் ஒரு பங்கு நால்வருக்கும் சமமாக இறங்கியது. அக்காவின் விடுதலைப் பத்திரம் அப்பாவழி வந்த பங்கைப் பற்றி மட்டுமே பேசியிருந்தது. ஆகவே, அம்மாவழியில் அவளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, 7 சென்ட், நின்றது. எனக்கு 21; அண்ணனுக்கும் தம்பிக்கும் தலா 28. பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் எல்லாரையும் சேர்த்தாக வேண்டும் என்பதால் அக்காவையும் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தோம். பிரதிவாதியாக இருந்தபடியே தன் பங்குக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டி அந்த 7 சென்டை அவள் கேட்டுப் பெற்றாள். போன 14 சென்ட் போனதுதான். ஏமாற்றி வாங்கியது என்று பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக் கெடு உண்டு. அந்த வழியில் போக அக்காவுக்கு மனமும் இல்லை.

அந்தக் கோயில் கூடத்துப் பேச்சு வேகமாகவும், செலவில்லாமலும், உறவு கெடாமலும் முடிந்தது. சமரசத்துக்குச் சொல்லப்படும் சிறப்புகள் எல்லாம் அதில் இருந்தன. 14 சென்ட் மட்டும் இல்லை.

11 ஆகஸ்ட் 2024

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, ‘அது கட்டப்பஞ்சாயத்து, சமரசமே அல்ல’ என்று இரணியல்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெரியவர்களை அந்தச் சொல்லால் அழைக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கும் 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெரிந்திருக்காது. ஆனால் வேறுபாடு இருப்பது உண்மைதான், அதை எழுதுகிறேன்.

சமரச மையத்தில் எங்களுக்குக் கிடைத்த சமரசர் அனுபவமுள்ள வழக்கறிஞர். எங்கள் வழக்கில் யாருக்காகவும் வாதாடியவர் அல்லர். முதல் நாளே மூன்று செய்திகளைச் சொன்னார். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எந்த நிமிடமும் நீங்கள் எழுந்து போகலாம்; வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். இங்கே பேசிய எதையும் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினார். தனியாகச் சொன்னதை எங்கள் அனுமதியில்லாமல் மறுபக்கம் சொல்லவில்லை. சமரசம் முறிந்தால் ‘தீரவில்லை’ என்ற ஒரு வரிக்கு மேல் சமரசர் நீதிமன்றத்துக்கு எழுதக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் மோதி ராம் வழக்கில் சொல்லியிருக்கிறது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ‘வீட்டை விட்டுத் தருகிறேன்’ என்று ஒருமுறை வாயைத் திறந்தால், நாளைக்கு நீதிபதி முன்னால் அதை எனக்கு எதிராகக் காட்டுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

காவல் நிலையத்தில் உட்காரவைத்து எழுதி வாங்குவது வேறு வகை. உரிமையியல் தகராறைப் பேசி முடிக்கக் காவல் நிலையத்துக்கு வேலையில்லை. தக்கலை நண்பர் அந்தப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

18 ஆகஸ்ட் 2024

எல்லாவற்றையும் ‘சமரசம்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்புகிறோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, 2002 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் வழிகளாக நடுவர் முறை, இணக்க முறை, மக்கள் நீதிமன்றம் உள்ளிட்ட நீதித்துறைத் தீர்வு, சமரசம் ஆகியவற்றைச் சொல்கிறது. இவை ஒன்றுக்கொன்று உறவு, ஆனால் ஒன்றல்ல. நடுவர் முறையில் நடுவர் தீர்ப்பளிப்பார். அது நமக்குப் பிடிக்காவிட்டாலும் கட்டுப்படுத்தும். சமரசத்தில் நாமே முடிவெடுக்கிறோம். மக்கள் நீதிமன்றத்தில் அமர்வு உறுப்பினர்கள் பேசிப் பார்த்து, தேவைப்பட்டால் பெரும்பான்மைப்படி முடிவு சொல்வார்கள். நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கப்பட்டது.

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்தது என் அக்கா மகனின் விபத்து இழப்பீட்டு வழக்கு. ஒன்பது லட்சம் கேட்டிருந்தான். காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பு நாலரையில் தொடங்கி ஆறேகாலுக்கு வந்தது. வழக்கறிஞர் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார்: இன்று ஆறேகால், விசாரணை முடிந்து, அவர்கள் மேல்முறையீட்டுக்கு மதுரைக் கிளைக்குப் போனால், ஒருவேளை எட்டு, எப்போது என்று தெரியாது. அவன் காலில் இரண்டாவது அறுவைச் சிகிச்சை பாக்கி இருந்தது. ஆறேகாலுக்குக் கையெழுத்திட்டான். சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒன்றேமுக்கால் லட்சம் அவன் விட்டுக்கொடுத்தது அல்ல, காத்திருக்க முடியாததற்கு அவன் கொடுத்த விலை. பணமும் அவசரமும் ஒரே பக்கம் இல்லாத தகராறுகளில் எப்போதும் இப்படித்தான் நடக்கிறது.

19 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதில் பெரிய பிழை. குழித்துறையில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவர் சுட்டிக்காட்டினார்; நன்றி. மக்கள் நீதிமன்றத்துக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கிடையாது. பெரும்பான்மைப்படி முடிவு என்பதெல்லாம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதை உத்தரவாக எழுதும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதை 2008-இல் ஜலூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நான் குழப்பிக்கொண்டது நிரந்தர மக்கள் நீதிமன்றத்தோடு. போக்குவரத்து, அஞ்சல், தொலைபேசி, மின்சாரம், குடிநீர், மருத்துவமனை, காப்பீடு போன்ற பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்காக 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த அமைப்பு அது. ஒரு கோடி ரூபாய் வரையிலான தகராறுகளில் முதலில் இணக்கம் பேசும், இணக்கம் வராவிட்டால் தானே முடிவும் சொல்லும். நம்முடைய பாகப்பிரிவினை அங்கே போகாது.

இன்னொன்றும் அவர் சொன்னார். மக்கள் நீதிமன்ற உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகர், அதற்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கேரளத்தில் இரு சகோதரர்களின் சொத்துத் தகராறில் எழுந்த பி.டி. தாமஸ் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இந்த இறுதித்தன்மையை வலியுறுத்தியிருக்கிறது. மேல்முறையீடு இல்லை என்பதைப் பலரும் நன்மையாகவே சொல்கிறார்கள். அக்காவை நினைத்தால் எனக்கு அது இருபுறமும் கூரான கத்தியாகத் தெரிகிறது. கையெழுத்திடும் முன் யோசிக்க நமக்குக் கிடைக்கும் கடைசி நேரம் அந்த மேசையருகில் நிற்கும் நேரம்தான். அங்கே பலரும் வரிசையில் நிற்பார்கள், அவசரப்படுத்துவார்கள். ‘எனக்குப் படித்துப் பார்க்க வேண்டும்’ என்று சொல்ல வெட்கப்படக் கூடாது.

1 செப்டம்பர் 2024

எங்கள் சமரசத்தில் நடந்த பிழையை இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டேன். சமரசத்தைப் புகழ்ந்துவிட்டு இதை மறைப்பது முறையல்ல.

தம்பியின் மனை வழியாக எனக்கு வழி என்று சொன்னேன் அல்லவா. உடன்படிக்கையில் அது இப்படி எழுதப்பட்டிருந்தது: ‘இரண்டாம் பிரதிவாதி (தம்பி) தனக்குச் சொந்தமான மனை வழியாக வாதி சென்றுவர வழி விடச் சம்மதிக்கிறார்.’ அவ்வளவே. எத்தனை அடி அகலம், மனையின் எந்த ஓரம், வண்டி போகலாமா, தலைச்சுமையாக மட்டுமா, அவன் மனையை விற்றால் வாங்குகிறவரைக் கட்டுப்படுத்துமா, எதுவும் இல்லை. அன்று மாலை ஐந்து மணி. பத்தாண்டு கழித்து அண்ணனும் தம்பியும் என்னோடு ஒரே பேருந்தில் ஊர் திரும்பப் போகிறார்கள் என்ற நெகிழ்ச்சியில் இருந்தேன். அகலம் கேட்டால் தம்பியை நம்பாததுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. என் வழக்கறிஞர் கேட்கத் தொடங்கினார். நான்தான் ‘போதும் சார்’ என்றேன்.

2020-இல் ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்ய வேண்டியிருந்தது. தடி ஏற்ற லாரி வந்தது. மனையின் மேற்கோரத்தில் தம்பி புதிதாகக் கையாலை (எல்லைச் சுவர்) கட்டியிருந்தான். வழி என்று மிஞ்சியது ஆறடி. அவன் கெட்ட எண்ணத்தில் கட்டவில்லை, ‘அக்கா நடந்துதானே போவாள்’ என்று நினைத்துக் கட்டினான். லாரிக்காரர் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து, கையாலைக்கும் வேலிக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். ஒவ்வொரு தடியையும் ஆள் வைத்துச் சாலைக்குச் சுமந்தோம். அந்தக் கூலி தடி விலையில் கால்வாசியைத் தின்றது.

பிறகு விசாரித்தபோது இன்னும் பெரிய ஓட்டை தெரிந்தது. பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, சமரசத்தின்மீது பிறக்கும் தீர்ப்பாணை வழக்குச் சொத்தை மட்டும் பற்றியதானால் பதிவு தேவையில்லை. வழக்கில் இல்லாத வேறு அசையாச் சொத்தும் அதில் சேர்ந்தால் பதிவு செய்தாக வேண்டும். தம்பியின் மனை வழக்கில் இல்லாத சொத்து. பதிவுக்குரிய நான்கு மாதம் எப்போதோ கடந்திருந்தது. சமரசத்தின் தனிச் சிறப்பு என்று முதல் குறிப்பில் நான் கொண்டாடிய அதே ஏற்பாடுதான், காகிதத்தில் மிகவும் பலவீனமாக நின்றது.

தம்பி நல்லவன் என்பதால் தப்பித்தேன். 2021-இல் பத்தடி அகலத்துக்கு, நான்கெல்லை சொல்லி, வரைபடம் இணைத்து, தனியாக வழியுரிமைப் பத்திரம் பதிவு செய்து தந்தான். கையாலையையும் அவனே நகர்த்தினான். மனையை அதற்கு முன் வேறொருவருக்கு விற்றிருந்தால் நான் இன்னொரு வழக்குப் போட்டிருக்க வேண்டும்.

2 செப்டம்பர் 2024

விட்டுப்போன ஒன்று. பாகப்பிரிவினையில் இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்ட பிறகே முழுமையாகும். சமரசத்தில் முடிந்தாலும் இது பொருந்தும். முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டு முத்திரைத்தாள் வாங்கித் தராமலேயே ஆண்டுகளைக் கடத்தியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

22 செப்டம்பர் 2024

‘2008-இலேயே சமரசத்துக்குப் போயிருந்தால் உங்களுக்கு மிச்சமாகியிருக்குமே’ என்று தக்கலை நண்பர் மறுபடியும் கேட்கிறார். மூன்று வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் குறிப்பில் ‘அந்த மேசையில் பேச்சு நகர்ந்திருக்காது’ என்று உறுதியாக எழுதினேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை.

எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி சட்டக் கேள்விக்காகச் செலவாகவில்லை. எதிருரை தாக்கல் செய்ய வாய்தா, அண்ணனின் வக்காலத்து மாறியதால் வாய்தா, சாட்சி வராததால் வாய்தா. சட்டக் கேள்விக்கு மேரி ராய் தீர்ப்பு ஏற்கெனவே விடை சொல்லியிருந்தது. அண்ணனின் வழக்கறிஞருக்கும் அது நன்றாகத் தெரியும். அறிமுகமில்லாத ஒரு சமரசர் 2009-இல் அண்ணனைத் தனியாக அழைத்து, ‘வழக்கு நடந்தால் உங்கள் தங்கைக்கு 21 சென்ட் உறுதி, உங்களுக்கு எந்த இடம் வேண்டும் என்று இப்போதே சொல்லுங்கள்’ என்று பொறுமையாக விளக்கியிருந்தால், அவர் கேட்டிருக்கக் கூடும். அண்ணனுக்கு என்மேல் இருந்தது பேராசையைவிட அவமான உணர்ச்சி. தங்கை கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாள் என்ற அவமானம். அதை எந்தச் சாட்சி விசாரணையும் தொடவில்லை. ஐந்து அமர்வுகளில் இரண்டு அதைப் பற்றியே போயின.

எனவே என் கருத்தை இப்படித் திருத்துகிறேன்: எனக்குத் தேவைப்பட்டது எட்டு ஆண்டு வழக்கு அல்ல, உரிமை இன்னதென்று ஐயமில்லாமல் தெரிந்திருப்பது. அந்தத் தெளிவு ஒரு நல்ல வழக்கறிஞரின் எழுத்துமூலமான கருத்துரையிலிருந்தே கிடைத்திருக்கலாம். ஆயினும் வழக்கைப் போட்டு எண் வாங்கியதற்கு நான் வருந்தவில்லை. எண் இருந்ததால்தான் அண்ணன் இடைக்காலத்தில் நிலத்தை விற்கவில்லை. விற்றாலும் வாங்குபவர் வழக்குக்குக் கட்டுப்பட்டவர் என்பது அவருக்குத் தெரியும். வழக்கைப் போட்டுவிட்டு, முதல் ஆண்டிலேயே சமரசத்துக்கு அனுப்பும்படி நாமே மனுச் செய்யலாம். நான் செய்யவில்லை. என்னிடமும் வீம்பு இருந்தது.

6 அக்டோபர் 2024

வாகனக் கடனுக்கு நடுவர் தீர்ப்பு வந்துவிட்டது என்று ஒருவர் பதறி எழுதியிருக்கிறார். அது இந்த இழையின் மையம் அல்ல. ஆனால் ‘மாற்று வழி எல்லாமே எளியவனுக்கு நல்லது’ என்ற எண்ணத்துக்கு அது மறுப்பு என்பதால் சுருக்கமாக. கடன் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் நடுவர் முறைக்கு நாம் சம்மதித்திருப்போம். நடுவரை நிறுவனமே நியமித்திருக்கும். அமர்வு சென்னையில் நடக்கும். முடிவில் தனக்கு அக்கறையுள்ள தரப்பு ஒற்றை நடுவரைத் தானாக நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடுவர் தீர்ப்பை எதிர்க்கும் மனுவை அது கையில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றே வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.

20 அக்டோபர் 2024

கணவன் அடிப்பதாக எழுதிய சகோதரிக்கு: உங்கள் நிலையை என் 84 சென்டோடு ஒப்பிடாதீர்கள். பயம் உட்கார்ந்திருக்கும் மேசையில் சமரசம் நடக்காது. முதலில் பாதுகாப்பு உத்தரவு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; நாகர்கோவிலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

போலிப் பத்திரம், மோசடிக் குற்றச்சாட்டு, கொடுங்குற்றம் ஆகியவை சமரசத்துக்கு உரியவை அல்ல என்று 2010-இல் ஆப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியலிட்டிருக்கிறது. அதே தீர்ப்பு, சொத்துப் பங்கு, குடும்பம், அண்டை வீட்டார், வணிகக் கூட்டு போன்ற, தகராறுக்குப் பிறகும் உறவு தொடர வேண்டிய வழக்குகளைச் சமரசத்துக்கு ஏற்றவை என்கிறது. தக்கலை நண்பரின் 40 சென்ட் இரண்டாவது பட்டியலில் வரும். அண்ணன் திடீரென்று ஓர் உயில் காட்டி, அது போலி என்று இவர் சொன்னால் மட்டும் முதல் பட்டியலுக்குப் போகும்.

10 நவம்பர் 2024

தக்கலை நண்பரின் அண்ணன் பேச வருவதாகச் சொல்லியிருப்பது மகிழ்ச்சி. வழக்குப் போடாமலேயே போகிறார்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுத்தால், நீதிமன்றத்துக்கு வராத தகராறையும் மக்கள் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். உடன்பாடு உத்தரவாக எழுதப்பட்டால் அதற்குத் தீர்ப்பாணையின் வலிமை உண்டு. 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். 120 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் மேலும் 60 நாள் என்று அது சொல்கிறது. ஆனால் அதன் பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் நடப்புக்கு வரவில்லை. 2023 அக்டோபர் 9 அன்று சில மட்டுமே வந்தன. ஆகவே, தனியார் சமரசர் ஒருவர் எழுதித் தரும் தாளை மட்டும் நம்பாமல், எந்தப் பிரிவின்படி அது நிறைவேற்றத்தக்கது என்று வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

பேச்சு நீண்டுகொண்டே போனால் காலம் அண்ணன் பக்கம் ஓடும். நிலம் அவர் கையில் இருக்கிறது. உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர் பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தால் வேறு சிக்கல்கள் எழும். எனவே, பேச்சுக்கு ஒரு கெடு வைத்து, அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: அப்பாவின் பிரமாணம் (நிலப் பத்திரம்), வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா, நிலவரைபடத்தின் நகல். முந்தின நாள் விளைக்குப் போய், சாலையிலிருந்து உங்களுக்கு வேண்டிய இடம்வரை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லாரி நுழைய எத்தனை அடி வேண்டும் என்று அங்கேயே ஒரு லாரிக்காரரிடம் கேளுங்கள். உங்கள் பங்கு எத்தனை சென்ட் என்று வழக்கறிஞரிடம் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். உங்கள் தங்கைக்கும் ஒரு நகல் கொடுங்கள். மூன்று மாதமாக இந்த இழையில் அண்ணன், நான், வக்கீல் என்று எழுதுகிறீர்கள். தங்கை இருப்பதாக ஆகஸ்ட் மாதக் குறிப்பு ஒன்றில் ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். அவரும் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

12 நவம்பர் 2024

தங்கைக்குச் செய்தி சொல்லியாயிற்று, திருவனந்தபுரத்திலிருந்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய எண்ணை என் தனிச்செய்திக்கு அனுப்புங்கள். என் அக்கா அவரோடு பேச விரும்புகிறாள்.